நண்டும் யானையும் ஒரே பெயரில்

கணினி வந்த பிறகும் ராஜாக்கள் போகாத நாடு ஒன்று இருந்ததென்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் தேனாற்று நாடு. ராஜா மாறவேளுக்கு மீசை பெரிது, பொறுமை சிறிது. அவருடைய அரண்மனைக் கணினிகளில் ஓடியது லினக்ஸ் என்ற இயங்குதளம். அவற்றில் மென்பொருள்களை ஏற்றுவதும் நீக்குவதும் திருமேனியின் வேலை. ஆள் ஒல்லி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அரண்மனையில் எதையாவது எழுத இரண்டு மென்பொருள்கள் இருந்தன; பெயரைத் தட்டினால் வந்து நிற்கும். ஒன்றின் பெயர் நண்டு. படு சுறுசுறுப்பு. ஆனால் உள்ளே போனவர்கள் வெளியே வரும் வழி தெரியாமல் திண்டாடுவார்கள். புதிதாகச் சேர்ந்த எழுத்தர் ஒருவர் கடைசியில் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். இன்னொன்று யானை. அது எழுந்து நிற்கவே நேரமாகும். எழுந்துவிட்டால் கடிதம் எழுதும், கணக்குப் போடும், கேட்டால் பாட்டும் பாடும். ராஜாவுக்குப் பிடித்தது நண்டு. ராணி அலர்மேலரசிக்கு யானை. இதைப் பற்றிச் சண்டை போட்டுப் போட்டு, இருவரும் சாப்பிடும்போது பேசிக்கொள்வதையே நிறுத்தியிருந்தார்கள்.

தலைமை அமைச்சர் அனந்தபாலருக்கு வேலைவெட்டி இல்லாத மைத்துனன் ஒருவன் உண்டு. அவனைத் திருமேனியின் நாற்காலியில் உட்கார வைக்க அமைச்சர் வெகுநாளாகத் துடித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சபையில் மெதுவாக ஊதிவிட்டார்.

“மன்னா, நாட்டுக்கு ஒரே கொடி, ஒரே ராஜா. எழுதுவதற்கு மட்டும் இரண்டா? வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள்.”

ராஜாவுக்குச் சுருக்கென்றது. “திருமேனி! இன்று முதல் எல்லோரும் ஒரே பெயரைத்தான் தட்ட வேண்டும். வேறு பெயரை எவனாவது தட்டினால் தொலைத்துவிடுவேன். இங்கேயே, இப்போதே செய்து முடி!”

“என் யானை மேல் யாராவது கை வைத்தால் நான் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன்” என்றாள் ராணி.

ராஜாவின் குரல் இறங்கியது. “ராணியும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால், திருமேனி, உனக்குக் கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றிவிடுவேன்.”

அமைச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். திருமேனி கணக்குப் போட்டுப் பார்த்தான். யானையை நீக்கினால் ராணி விடமாட்டாள், நீக்காவிட்டால் ராஜா விடமாட்டார். எப்படிப் பார்த்தாலும் கழுதை தயார்.

சபை நடுவே கணினியைக் கொண்டுவந்து வைத்தார்கள். திருமேனி யானையை நீக்கும்படி தட்டினான். கணினி பதிலுக்கு ஒன்று கேட்டது. அதை உரக்கப் படித்தான்.

“யானையை நீக்கினால் இவையும் சேர்ந்து போகும்: அரசாணை, ஆயுதசாலை, அரண்மனைச் சமையலறை. நீக்கட்டுமா?”

ராஜா துள்ளி எழுந்தார். “சமையலறையா? நிறுத்தய்யா! இன்று மதியம் விரால்மீன் குழம்பு!”

“சமையலறைக்கான மென்பொருளை எழுதியவர், ‘எனக்கு யானை வேண்டும்’ என்று பெயர் சொல்லிக் கட்டிவைத்துவிட்டார் மன்னா. யானை போனால் அதுவும் கூடவே போகும்.”

“சமைப்பதற்கு யானை எதற்கு?”

“எதற்கும் இல்லை. என்ன சமைப்பதென்று எழுத ஏதாவது ஒன்று வேண்டும், அவ்வளவுதான். தன் கைக்குப் பழகியதன் பெயரைச் சொல்லிவிட்டார்.”

சொல்லும்போதே திருமேனிக்கு வழி பிடிபட்டது. ‘யானை வேண்டும்’ என்றிருந்த இடத்திலெல்லாம் ‘எழுத்தாணி வேண்டும்’ என்று மாற்றினான். எழுத்தாணி என்று தனியாக ஒரு மென்பொருள் கிடையாது. அது ஒரு வேலையின் பெயர். அந்த வேலையை நண்டும் பார்க்கலாம், யானையும் பார்க்கலாம் என்று கணினிக்குச் சொல்லிவைத்தான். கூப்பிட்டால் எது வர வேண்டும் என்பது அவரவர் விருப்பம்.

“மன்னா, எழுத்தாணி என்று தட்டுங்கள்.”

ராஜா தட்டினார். நண்டு ஓடி வந்தது.

“தேவி, நீங்களும் அதே பெயரைத் தட்டுங்கள்.”

ராணி தட்டினாள். யானை மெல்ல எழுந்து நின்றது. அவள் முகம் மலர்ந்தது.

“எல்லோருக்கும் ஒரே பெயர். உத்தரவு நிறைவேறியது!” என்று திருமேனி கைகட்டி நின்றான்.

“ஏமாற்று வேலை!” என்று கத்தினார் அமைச்சர். “பெயர்தான் ஒன்று, பின்னால் நிற்பது இரண்டு!”

“வேலை தெரிந்த யாரும் நிற்கலாமே ஐயா. தலைமை அமைச்சர் என்பதும் அப்படித்தானே? போன மழைக்காலத்தில் நீங்கள் மூட்டுவலியோடு படுத்திருந்தபோது உங்கள் எழுத்தர் அந்த வேலையைப் பார்த்தார். நாடு நன்றாகத்தான் ஓடியது. கொஞ்சம் வேகமாகவும் ஓடியது.”

சபை கொல்லென்று சிரித்தது. அமைச்சர் முகம் கறுத்தது. ஆனால் மனுஷன் லேசுப்பட்டவரா என்ன?

“கேட்டீர்களா மன்னா? வேலை தெரிந்த யாரும் நிற்கலாமாம்! அப்படியானால் ராஜா என்ற பெயருக்குப் பின்னாலும் வேறொருவர் நிற்கலாமா? அதையும் இவனையே கேளுங்கள்!”

சிரிப்பு அப்படியே நின்றது. ராஜாவின் கை வாளுக்குப் போனது. “சொல், திருமேனி. நிற்கலாமா?”

திருமேனி இரண்டு பதிலையும் எடைபோட்டான். இல்லையென்றால் யானை போய்விடும், ஆமென்றால் தலை போய்விடும். சரி, போகிற தலை உண்மையைச் சொல்லிவிட்டே போகட்டும் என்று வாயைத் திறந்தான்.

“நிற்கலாமா என்ன மன்னா, உங்கள் கல்யாணத்திலிருந்தே நிற்கிறார்கள். அன்றிலிருந்து வந்த ராஜா உத்தரவு எல்லாம் யானையில் எழுதியவை. நீங்கள் தொடுவதோ நண்டு மட்டும்தான்.”

எல்லோர் கண்ணும் ராணியின் பக்கம் திரும்பியது. ராஜாவின் மீசை ஒருமுறை துடித்தது, இன்னொரு முறை துடித்தது. அப்புறம் தொப்பை குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். வாளை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இவனுக்கு முத்துமாலை பரிசளிக்குமாறு நாம் உத்தரவிடுகிறோம்!” என்று முழங்கினார்.

பிறகு ராணியின் பக்கம் குனிந்து, மெல்லக் கேட்டார்: “உத்தரவிடுகிறோமா?”