தண்ணீரில் இறங்காமல் ஒரு விரால்

"பயிர் கருகுது, கண்மாய் மடையைத் திறந்துவிடுங்க ஐயா" என்று கேட்கப்போன மாயக்காவைப் பண்ணையார் ஏற இறங்கப் பார்த்தார். மடையைத் திறந்தால் மீன் போய்விடுமே என்பது அவர் கவலை.

"அண்ணன்மாரோட மீன் பிடிச்சு வளர்ந்தவளாமே நீ? வலை கூடாது, தூண்டில் கூடாது, தண்ணியில கால் படக்கூடாது. பொழுது சாயறதுக்குள்ள என் கண்மாய் விராலைப் பிடிச்சுக் காட்டு. முடியலேன்னா ஊரைக் காலி பண்ணு."

"வேற எது செஞ்சாலும் தடையில்லையே ஐயா?"

"என்னத்தையும் செய்!" என்று மீசையை முறுக்கினார்.

ஊரே கூடி நிற்க, அந்த எமகாதகி நேரே போய் மடையைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வயலெல்லாம் பாய்ந்தது. சின்ன வயதில் மடை திறந்த நாளெல்லாம் அண்ணன்மாரோடு வாய்க்கால் கரையிலேயே கிடந்தவள் அல்லவா? தண்ணீரோடு வந்து வரப்பில் துள்ளி விழுந்த விராலை முந்தானையால் அமுக்கிக் கொண்டுவந்து நீட்டினாள்.

பண்ணையார் முகம் சுண்டியது. "இத்தனூண்டு மீனா?"

"பெரிசு அடியில கிடக்கும் ஐயா. அது வெளிய வர்ற வரைக்கும் மடை திறந்தே கிடக்கட்டும்."

அத்தனை பேர் முன்னால் சொன்ன சொல்லை மாற்ற முடியாமல் அவர் மடையைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார். அந்தப் போகத்தில் ஒரு வயல்கூடக் கருகவில்லை. பெரிய விராலைத்தான் யாரும் பார்க்கவில்லை.