'க' வரிசைக் கழுதை

கதை சொல்லக் கற்றுக்கொள்ள வந்த தணிகாசலம், தன் குருவைவிட வயதில் ரொம்பப் பெரியவர். மருந்துக்கடையை மகனிடம் விட்டுவிட்டு நூலகத்துக்கு வந்திருந்தார். குரு அருள்செல்விக்குத் தலையில் ஒரு நரை கூட இல்லை. அங்கே குழந்தைகள் பிரிவு அவர் பொறுப்பு. தணிகாசலம் அவரை "டீச்சர்" என்பார். அவர் இவரை "சார்" என்பார்.

சனிக்கிழமை தோறும் கதை நேரம். வாரத்துக்கு ஓர் எழுத்து. அந்த எழுத்தில் பெயர் தொடங்கும் பிள்ளை முன்னால் முக்காலியில் உட்கார்ந்து, படப் புத்தகத்தின் பக்கங்களைத் திருப்ப வேண்டும். அப்படிப் பிள்ளை இல்லாத வாரம் பெரியவர் ஒருவர் உட்காருவார். முக்காலி கிடைத்தவர் அன்றைக்கு ராஜா.

புத்தகம் தேர்ந்தெடுக்கும் வேலையை அருள்செல்வி தணிகாசலத்திடம் கொடுத்தார்.

"எப்படி எடுக்கணும் டீச்சர்?"

"நாலு தடவை படிச்சுப் பாத்து எடுங்க சார்."

இதற்கு எதற்கு நாலு தடவை என்று அவருக்குத் தோன்றியது. பேரின் முதல் எழுத்தைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அலமாரியிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுத்த கை அது. அந்தக் கர்வம் அவருக்கு உண்டு, அதில் நியாயமும் உண்டு.

'க' வாரத்துக்கு அவர் எடுத்தது ஒரு முட்டாள் கழுதையின் கதை. கழுதை கரும்பென்று கம்பைக் கடித்தது, கதவைக் கண்டு கத்தியது, கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டது. பக்கத்துக்குப் பக்கம் 'க' கொட்டிக் கிடந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முக்காலியில் இருந்த ஐந்து வயதுக் கவிநயாவும் சிரித்துக்கொண்டே பக்கம் திருப்பினாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு பையன் "கவிநயா கழுதை" என்றான். மற்றப் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். தெரு முனை வரைக்கும் அந்தப் பாட்டுதான்.

அடுத்த வாரம் கவிநயா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

காய்கறிக் கடையில் அவள் அம்மாவைப் பார்த்தார் தணிகாசலம்.

"பாப்பாவைக் காணோமேம்மா?"

"கதைக்கே வரமாட்டேங்கிறா சார். பள்ளிக்கூடத்திலயும் கழுதைன்னுதான் கூப்பிடுதுகளாம். எனக்கு வேற பேரு வைம்மான்னு ராத்திரியெல்லாம் அழுகை."

கோபமாகச் சொல்லவில்லை. புத்தகத்தை எடுத்தது யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. எடை போட்ட கத்தரிக்காயை வாங்காமலே நூலகத்துக்கு நடந்தார். கேட்டதையெல்லாம் அருள்செல்வியிடம் சொன்னார்.

"அந்தப் புத்தகத்துல தப்பு ஒண்ணும் இல்லையே டீச்சர்?"

"இல்ல சார்."

"பிள்ளைங்க விளையாட்டுக்குத்தான சொல்லுச்சுங்க?"

"ஆமா."

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு நான் வாசல்லதான் நின்னேன். அவங்க கத்துனதக் கேட்டேன். 'க' நல்லாப் பதிஞ்சிருச்சேன்னு சந்தோஷப்பட்டேன் டீச்சர்."

அருள்செல்வி ஆறுதல் சொல்லவில்லை. திட்டவும் இல்லை.

"வர்ற வாரம் என்ன எழுத்து சார்?"

"த."

"புத்தகம் எடுத்தாச்சா?"

"நாலஞ்சு எடுத்து வெச்சிருக்கேன்."

"பையில போட்டுக் கொண்டாங்க. கவிநயா வீட்டுக்குப் போவோம்."

இவர்களைப் பார்த்ததும் குழந்தை கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அருள்செல்வி தரையில் உட்கார்ந்து புத்தகங்களை அடுக்கி வைத்தார்.

"கவிநயா, இந்த வாரம் 'த'. அதுல பேரு தொடங்குற பிள்ளை நம்மகிட்ட இல்ல. தாத்தா பேரு தணிகாசலம். அவங்கதான் முக்காலியில உக்காரணும். எதைப் படிக்கலாம்? நீ எடுத்துக் குடு."

தணிகாசலத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது தொப்பைத் தவளையின் கதை. வரிக்கு வரி 'த' வருகிறதே என்று அவரே ஆசையாக எடுத்து வைத்தது. அட்டையில் தவளை வயிற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கல்லாவில் உட்கார்ந்தே வளர்ந்த வயிறு அவருக்கும் இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து மெதுவாக முன்னால் போட்டுக்கொண்டார்.

குழந்தை வந்தது. அட்டையைப் பார்த்தது. அவரைப் பார்த்தது. மறுபடியும் அட்டையைப் பார்த்தது. அதை எடுக்கட்டும், எனக்கு வேண்டியதுதான் என்று அவர் நினைத்தார்.

கவிநயா தவளையை எடுத்து, எல்லாப் புத்தகங்களுக்கும் அடியில் தள்ளினாள். பிறகு தேடித் தேடி ஒரு தும்பியின் கதையை எடுத்து நீட்டினாள்.

"ஏன்டி, தவளை நல்லாத்தான இருக்கு?" என்றாள் அம்மா.

"அதப் படிச்சா தாத்தாவத் தவளைன்னு கூப்பிடுவாங்கம்மா."

அவரால் தலையை நிமிர்த்த முடியவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகு இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. காது சுட்டது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

"கவிநயா, அந்தக் கழுதைப் புத்தகத்தை எடுத்தது நான்தாம்மா."

குழந்தை யோசித்தது.

"தெரியாம எடுத்தீங்களா?"

ஆமாம் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவருக்கு வாய் வரவில்லை.

"பாக்காம எடுத்தேன்" என்றார்.

கவிநயா தும்பிப் புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள்.

"சனிக்கிழமை வருவியா?" என்று கேட்டார் அருள்செல்வி.

"தாத்தா உக்காந்தா வாரேன்."

நூலகத்து வாசலுக்குத் திரும்பி வந்ததும் தணிகாசலம் பையை நீட்டினார்.

"இனிமே புத்தகத்தை நீங்களே எடுங்க டீச்சர்."

"ஏன் சார்?"

"அலமாரி முன்னால போய் நிக்கவே வெட்கமா இருக்கு."

அருள்செல்வி பையை வாங்கிக்கொள்ளவில்லை.

"இதுவரைக்கும் அந்த வெட்கம் இல்லாமத்தான சார் எடுத்தீங்க" என்றார்.