பாவாயி பண்ணை ஈ

குழந்தைவேலு வேளாண்மை அலுவலர். ஐம்பதை நெருங்கும் வயதில், தன்னைவிட மிகவும் இளையவரான பேராசிரியர் ஜெசிந்தாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்திருந்தார்.

அந்த வருடம் ஊரில் மிளகாய்ச் செடிகளெல்லாம் இலை சுருண்டு போயின. வெள்ளை ஈ செய்த வேலை. பாவாயியின் நாற்றுப்பண்ணையிலிருந்துதான் ஈ வந்தது என்று ஊர் முடிவு கட்டியது. அவரிடம் நாற்று வாங்குவதை எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். விற்காத நாற்றுகள் தட்டிலேயே முற்றிக்கொண்டிருந்தன.

குழந்தைவேலு பண்ணையிலும், புகார் சொன்னவர்களின் வயல்களிலும் ஈக்களைப் பிடித்து, அவற்றின் டிஎன்ஏவை ஒப்பிட்டுப் பார்த்தார். முடிவோடு ஆசிரியரிடம் போனார்.

“ரெண்டும் ஒரே வகைங்க, மேடம். பண்ணையிலிருந்துதான் போயிருக்கு.”

“ஒரே வகைன்னா சொந்தக்காரங்க. யார் வீட்டுக்கு யார் வந்தாங்கன்னு அதுல தெரியுமா?”

குழந்தைவேலு முடிவுத் தாளை மறுபடி புரட்டினார்.

“புகார் சொல்லாதவங்க வயல்ல பிடிச்சீங்களா?”

“இல்லைங்க.”

ஜெசிந்தா அலமாரியைத் திறந்து, ஒரு பெட்டி நிறைய, ஈ பிடித்து வைக்கும் காலிக் குப்பிகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பிறகு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

குழந்தைவேலுவுக்குக் கோபம்தான். ஆனாலும் போனார். வெயிலில் வயல் வயலாக அலைந்தார். ஊர்த் தலைவர் செங்கோடனின் பருத்திக் காட்டையும் விடவில்லை.

புதிய முடிவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பருத்திக் காட்டு ஈக்களின் டிஎன்ஏவில் ஏகப்பட்ட வேறுபாடுகள். அப்படியென்றால் அவை பல தலைமுறையாக அங்கேயே குடியிருப்பவை. பாவாயியின் பண்ணை ஈக்களிலோ அந்த வேறுபாடுகளில் சிலவற்றைத் தவிர வேறெதுவும் இல்லை. எங்கிருந்தோ நாலைந்து ஈக்கள் வந்து, அங்கே பெருகியிருக்கின்றன.

“பண்ணையில ஆரம்பிக்கலைங்க, மேடம். அங்க வந்து சேர்ந்திருக்கு.”

“அதை நாளைக்கே ஊர்ல போய்ச் சொல்லுங்க.”

“தலைவர் காட்டுலருந்துதான் கிளம்புச்சுன்னும் சொல்லிடறேங்க.” அவர் குரலில் வேகம் இருந்தது. பாவாயியை முதலில் கைகாட்டியவரே தலைவர்தான்.

“பக்கத்து ஊர்ல பிடிச்சீங்களா?”

“இல்லைங்க.”

“அதுக்கு அடுத்த ஊர்ல?”

குழந்தைவேலு முடிவுத் தாளை மடித்துப் பையில் வைத்தார்.

“ஊர்க்காரங்க ஒரு பேரு கேப்பாங்களே, மேடம். யார் பேரைச் சொல்றதுங்க?”

“ஈயோட பேரைச் சொல்லுங்க.”