ஐம்பத்தொன்பது ஐந்தும் ஓர் ஒன்றும்

"யாரும்மா அது? பேரைச் சொல்லு."

பேராசிரியர் செண்பகராமன் காகிதத்தை மேசைமேல் போட்டார்.

எதிரே இருந்த ஜெபக்கனி ஒருகாலத்தில் அவர் மாணவி. இப்போது அதே கல்லூரியில் ஆசிரியை; மதிப்பீட்டுப் பிரிவின் பொறுப்பாளரும் அவள்தான். எந்த வாத்தியாருக்கு மாணவர்கள் எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்பது அவள் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். முதல்வரே அந்த அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார் என்று கேள்வி.

வகுப்பில் அறுபது பேர். ஐம்பத்தொன்பது பேர் அவருக்குப் போட்டது ஐந்துக்கு ஐந்து. ஒருவர் மட்டும் ஒன்று.

கீழே ஒரு குறிப்பு: 'மூன்றாம் பாடம் புரியவில்லை. கை தூக்கினேன். சார் பார்க்கவில்லை.'

"இருபத்தொன்பது வருஷம்மா! வகுப்புல நான் பேசின பேச்சைத் தேக்கி வெச்சா தாமிரபரணி ரெண்டு தடவை கரைபுரளும். வீட்டுல எனக்குப் பேச ஆள் இல்லை. இந்த அறுபது பேருதான். அதுல ஒருத்தனுக்கு என்னைப் பிடிக்கலைன்னா..."



ஜெபக்கனி தன் பெயரைத் தட்டினாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

அதே வகுப்பு. அறுபது பேர். அறுபதும் ஐந்து.

அவருக்கு வயிறு எரிந்தது. "அப்படி என்னத்தை நடத்தினே?"

"நடத்தவே இல்லை சார். பிரசவ லீவு. ஆறு மாசமும் அம்மா வீட்டுல கிடந்தேன். பட்டியல்ல என் பேரை எடுக்க மறந்துட்டாங்க."

"பின்னே இது?"

"படிவத்தை நிரப்பினாத்தான் ஹால் டிக்கெட் இறங்கும். பிள்ளைங்க படிச்சா பார்க்குது? வரிசையா அஞ்சைத் தட்டிட்டுப் போயிடும்."

ஐம்பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போவது போலிருந்தது அவருக்கு. கடைசி ஆள் கதவையும் சாத்திவிட்டுப் போனான்.

 செண்பகராமன் காகிதத்தை எடுத்து அந்தக் குறிப்பை மறுபடி படித்தார். இன்னொரு முறையும் படித்தார்.

"பேரைச் சொல்லும்மா." குரல் இறங்கியிருந்தது. "திட்ட மாட்டேன். மூணாம் பாடத்தை உட்கார வெச்சு நிதானமாச் சொல்லிக் கொடுக்கணும்."

"பேரைச் சொல்லக் கூடாது சார். பேரு எதுக்கு? புரியாம முழிக்கிற முகம் கூட்டத்துல தனியாத் தெரியுமே. யோசிச்சுப் பாருங்க."

செண்பகராமன் கண்ணை மூடி, தன் வகுப்பை நினைத்துப் பார்த்தார்.

கரும்பலகைதான் வந்தது.