மிஞ்சிய கயிறுகள்

மலையடி மடத்தில் வைத்தியம் பார்த்தவர் மங்கலவல்லி அம்மை. அரண்மனையில் ஓலை எழுதி ஓய்ந்த சடையப்பர் அவருடைய சீடர். குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது அதிகம், கேள்விகளும் அதிகம்.

போன கோடையில் வந்த காய்ச்சல் ஆறு தொட்டில்களைக் காலியாக்கியிருந்தது. இந்த வருஷம் அது வருவதற்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் சங்கில் மருந்து புகட்டியாக வேண்டும். புகட்டிய குழந்தையின் கையில் சிவப்புக் கயிறு கட்டுவது மடத்து வழக்கம். ஊரில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியிடம் குழந்தைகளின் கணக்கைக் கேட்டுக் கேட்டு, குழந்தைக்கு ஒன்றாக அம்மையே கயிறு நறுக்கிக் கொடுத்தார்.

தண்டோரா போட்டு, ஊர் ஆலமரத்தடியில் இரண்டு நாள் உட்கார்ந்த சடையப்பர், மூன்றாம் நாள் காலையில் பூரித்துப்போய்த் திரும்பினார்.

"அம்மா, வந்த குழந்தை ஒண்ணைக்கூட விடலை. பார்த்த கையிலெல்லாம் கயிறு. உலகம் குழந்தைகளை நல்லாத்தான் பார்த்துக்குது, இல்லையா?"

"மடியில என்ன?"

"மூணு கயிறு மிச்சம். அடுத்த வருஷத்துக்கு ஆகும்."

பெருமையாகத்தான் நீட்டினார், பாவம். அம்மை வாங்கவில்லை.

"மிச்சம் வர்ற மாதிரி நான் நறுக்கலையே."

சடையப்பரின் சிரிப்பு நின்றது.

"செங்கல் சூளையில மூணு கைக்குழந்தை இருக்காம். அவங்க வரலை. பிழைக்க வந்தவங்க அம்மா, நம்ம ஊர்க்காரங்க இல்லை."

"சூளையில தீ மூட்டியிருக்கு. விட்டுட்டு எப்படி வருவாங்க? காய்ச்சல் என்ன, ஊர் பேர் கேட்டுட்டா வருது?"

அம்மைக்குக் கோபம். மருந்தையும் சங்கையும் அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சூளை இரண்டு கல் தொலைவு. பொழுது சாயும்போதுதான் சடையப்பர் திரும்பினார். காலெல்லாம் கொப்புளம், மடியில் ஒரு கயிறும் இல்லை.

"ஒரு பிள்ளைக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது அம்மா. மருந்து உள்ளே போனதும் வேர்த்துது. அப்புறம் பால் குடிச்சுது. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட கேள்வியைத் திரும்பப் பிடித்தார்.

"இப்பச் சொல்லுங்க. உலகம் குழந்தைகளைப் பார்த்துக்குதா?"

அம்மை கயிற்றுக்கண்டை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினார்.

"காலையில ஆலமரம் வரைக்கும் பார்த்துக்கிச்சு. இப்ப சூளை வரைக்கும் பார்த்துக்குது. ஆத்துக்கு அக்கரையிலயும் புகை தெரியுதே, வரும்போது பார்த்தீங்களா?"