தப்பைப் பொறுக்காத மணல்

அந்தக் காலத்தில், மீனும் நண்டும் மட்டுமல்லாமல் தரையில் கிடந்த மணலும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தெற்கே ஒரு கடற்கரை இருந்தது. இன்று அதைக் கீச்சாங்கரை என்கிறார்கள். அப்போது அந்தப் பெயர் கிடையாது. கீச்சான் மீனிலிருந்து வந்த பெயர் என்று சிலர் சொல்வதுண்டு. அவர்கள் மீனைத் தின்றவர்கள். கரையில் நடந்தவர்கள் அல்ல.

அந்தக் கரையின் மணலுக்கு ஒரு குணம் இருந்தது. யாராவது ஒரு செய்தியைத் தப்பாகச் சொன்னால் அதற்குப் பொறுக்காது. உடனே திருத்திவிடும்.

ஒருநாள் மாசானம் என்ற வலைக்காரன் கரை வழியாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். எதிரே அவன் மனைவி உலகம்மை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"எங்க போயிட்டு வாறீரு?"

"வலையக் காயப் போட்டுட்டு வாறேம்ளா."

"வலை காயப் போட்டது காலையில," என்றது மணல், அவன் காலுக்கடியிலிருந்து. "இப்ப வாறது பனங்காட்டுலேர்ந்து. போகும்போது நேராத்தான் நடந்தாரு. வரும்போது நேரா இல்ல. தடத்தைப் பாத்துக்கோ."

அன்று மாசானத்துக்குச் சோறு கிடைக்கவில்லை. மணலுக்கு அவன்மேல் ஒரு பகையும் இல்லை. கோள் சொல்பவனுக்குச் சொல்வதில் ஒரு சுகம் இருக்கும். மணலுக்கு இருந்தது அரிப்பு. பிழையைத் திருத்தினால் அடங்கும். இல்லாவிட்டால் உடம்பெல்லாம் பரவும். இந்த அரிப்பு மணலோடு நிற்கவில்லை என்பது படித்தவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும்.

ஊர்க்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அலை நனைத்த மணலுக்கு வாய் நிறையத் தண்ணீர். அதனால் பேச வராது. ரகசியம் பேச வேண்டியவர்கள் எல்லாரும் தண்ணீர் ஓரமாகவே நடந்தார்கள். காதலர்கள் இன்றும் அங்கேதான் நடக்கிறார்கள். காரணம் மறந்துவிட்டது, கால் மறக்கவில்லை.

இனி ஆமைக்கு வருவோம். பங்குனி மாதம் முட்டையிட வருவதால் பங்குனி ஆமை என்று அதற்குப் பெயர். அந்நாளில் ஆமைகள் பட்டப்பகலில் கரையேறி, குழி தோண்டி முட்டையிட்டு, குஞ்சு வெளிவரும்வரை பக்கத்திலேயே காவல் இருந்தன. கடலுக்குள் பிழைக்கிற உயிர் கரையில் எதைத் தின்னும்? இந்த ஆமையும் பட்டினி கிடந்தது. ஓடு மட்டும் பெரிதாக, உள்ளே ஆள் இல்லாதது போல ஆகிவிட்டது.

செம்மணல் மேடான தேரிக்காட்டிலிருந்து உடும்பு ஒன்று முட்டைக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆமைக்கு அது தெரியும்.

"மயினி," என்றது ஆமை மணலிடம். "வயிறு ஒட்டிப் போச்சு. ஒரு பொழுது கடலுக்குள்ள போய் நாலு நண்டு கடிச்சிட்டு வந்திருதேன். யாரு வந்து கேட்டாலும் என் பிள்ளைங்க இருக்க இடத்தைச் சொல்லீராத."

"கேட்டா சொல்ல மாட்டேன். சத்தியம்," என்றது மணல்.

"உடும்பு வருவான்."

"வரட்டும். எவன் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நிம்மதியா போ மயினி."

ஆமை போயிற்று. அதன் வால் அலையில் மறைவதற்குள் உடும்பு வந்துவிட்டது.

"யக்கா, ஆமை முட்டை எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அது பிழையான தகவல் ஆயிற்றே. மணலால் எப்படிச் சொல்ல முடியும்?

உடும்பு சிரித்துக்கொண்டது. மாசானம் பட்டினி கிடந்த கதை தேரிக்காடு வரைக்கும் போயிருந்தது. அது மறுபடி கேட்கவில்லை. நிழலில் படுத்துக்கொண்டு, அங்கே பொந்துக்கு வெளியே நின்ற ஒரு நண்டிடம் பேச்சுக் கொடுத்தது.

"கேட்டியா மச்சான், இந்த ஆமைக்குக் கிறுக்குத்தான். போயும் போயும் ஓடை வாயில முட்டைய வச்சிருக்கா. ஒரு மழைக்குத் தாங்குமா?"

மணல் பல்லைக் கடித்துக்கொண்டது. ஓடை வாய் அல்ல. ஓடைக்கும் அந்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

"ஆழமாவது தோண்டுனாளான்னா, அதுவும் இல்ல. மேலாப்புல போட்டு மூடிட்டுப் போயிட்டா."

மேலாப்பில் இல்லை. நல்ல ஆழம். மணலுக்கு அரிப்பு தொடங்கிவிட்டது.

"ஓடை வாயிலேர்ந்து வடக்க போனா, அந்தத் தாழம்புதர் தெரியுதுல்ல? அதோட வேர்லதான்."

"அது தாழை இல்ல, அடம்பங்கொடி!" என்று கத்திவிட்டது மணல். "ஓடைக்கு வடக்கயும் இல்ல, தெற்க! கொடி முடியுற இடத்துல, ஒரு முழம் கீழ!"

நண்டு பொந்துக்குள் பாய்ந்தது. உடும்பு எழுந்து, மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, தெற்கே நடந்தது.

"நில்லு! நில்லுடா!" என்று மணல் கூவிற்று. கை இல்லாத மணல் வேறென்ன செய்யும்? உடும்பு தோண்டிய இடத்தில் சரிந்து சரிந்து மூடிப் பார்த்தது. உடும்பின் நகம் அதைவிட வேகம்.

பொழுது சாயும் நேரத்தில் ஆமை வந்தது. குழியைப் பார்த்தது. குழியைச் சுற்றிக் கிடந்த முட்டைத் தோல்களைப் பார்த்தது.

"மயினி, அவன் கேக்கல," என்றது மணல் அவசரமாக. "அவன் கேட்டதுக்கு நான் சொல்லல. அவனா தப்புத் தப்பா பேசிக்கிட்டு இருந்தான். அதைத்தான் திருத்துனேன். சத்தியத்தை மீறல."

ஆமை ஒரு தோலை மூக்கால் புரட்டிப் பார்த்தது. பிறகு கேட்டது: "நீ அவங்கிட்ட சொன்னது எல்லாம் சரியா இருந்துச்சா?"

"ஒரு சொல்லுகூட தப்பில்ல," என்றது மணல்.

சொன்ன பிறகுதான் அது தன் குரலைத் தானே கேட்டது.

ஆமையின் கண்ணிலிருந்து வழிந்தது மணலில் இறங்கிற்று. அதன் வயிற்றில் இன்னும் ஒரு ஈட்டு முட்டை இருந்தது. வடக்கே பாறை, தெற்கே சேறு. ஆமை முட்டையிட இந்த ஒரு கரைதான் உண்டு. ஆனால் இந்தக் கரையில் இந்த மணல் இருக்கிறதே! அது திரும்பிக் கடலுக்குள் போய், அலைக்கு அப்பால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. வெளியே வர பயம். போக இடம் இல்லை. மணல் கூப்பிட்டது. ஆமை கேட்காதது போல் இருந்தது.

மணல் கடலிடம் போயிற்று. சரியாகச் சொன்னால் கடல்தான் மணலிடம் வந்தது. அன்று அலை கொஞ்சம் உயரம், காய்ந்த மணலின் ஓரம்வரை வந்து நின்றது.

"என் பேச்சை எடுத்திரு," என்றது மணல்.

"எடுத்தா மொத்தமா எடுப்பேன்," என்றது கடல். "தப்பைத் திருத்துற வாயை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை விட்டுட்டுப் போற வேலையெல்லாம் எனக்குத் தெரியாது. பிறகு ஊர்ல எவன் என்ன உளறினாலும் நீ கேட்டுக்கிட்டுத்தான் கிடக்கணும். முடியுமா உன்னால?"

மணல் அலைக்கு அப்பால் தெரிந்த தலையைப் பார்த்தது. "முடியும்."

"பாப்போம்," என்றது கடல். "என்ன இருந்தாலும் நான் பெத்த பிள்ளைதான நீ. எனக்குள்ளேயே பிறந்து வளந்தவ."

இது முழுத் தப்பு. மணல் பிறந்தது மேற்கு மலையில். பாறையாக இருந்து, உடைந்து, ஆற்றோடு உருண்டு வந்து கரையில் ஒதுங்கியது. மணல் வாயைத் திறந்தது. அரிப்பு உச்சிக்கு ஏறிற்று. ஆற்றின் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மணல் வாயை மூடிக்கொண்டது.

அது தன் வாழ்நாளில் திருத்தாமல் விட்ட முதல் பிழை அதுதான். கடலுக்கும் அது தெரியும்.

கடல் வேலையைத் தொடங்கிற்று. ஒவ்வொரு மணியையும் எடுத்து, பக்கத்து மணியோடு தேய்த்து, தூசு போகக் கழுவி, சொல் ஒட்டிக்கொள்ள ஒரு முனைகூட இல்லாமல் உருட்டிற்று. சொற்கள் எல்லாம் நுரையாகப் போயின. கடைசியில் கீச் என்ற ஓர் ஒலி மட்டும் மிஞ்சியது. எவ்வளவு தேய்த்தும் அது போகவில்லை. தேய்க்கத் தேய்க்கக் கூடவே செய்தது. கடல் அதை விட்டுவிட்டது.

ஆமை மெல்லக் கரையேறிற்று. "மயினி?" என்று கூப்பிட்டுப் பார்த்தது. கீச் என்றது மணல். ஆமை ஓரிடம் தேடித் தோண்டியது, முட்டையிட்டது, மூடியது. இந்த முறை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் உடும்பு வந்தது. "ஆமை வந்தாளாமே! பாறையோரம் வச்சிருக்கா போல," என்றது காற்றைப் பார்த்து.

பாறையோரம் இல்லை. கீச், என்றது மணல்.

"பாறையோரம் இல்லியா? அப்ப ஓடைக்கரையா?" உடும்பு நாலடி நடந்தது. கீச். திரும்பிற்று. கீச். வலப்பக்கம், இடப்பக்கம், கொடியடியில், மேட்டில், எங்கே கால் வைத்தாலும் அதே கீச். எல்லாம் திருத்தம்தான், எது எதற்கு என்றுதான் தெரியவில்லை. "சொல்றதைத் தெளிவாச் சொல்லித் தொலையேன் யக்கா!" என்று உடும்பு கத்திற்று. மணலும் தன்னால் முடிந்தவரை தெளிவாகத்தான் சொன்னது. கீச்.

உடும்பு விடாமல் தினமும் வந்து தேடிற்று. அதில் மணல் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. உடும்பின் கால் பட்ட போதெல்லாம் எழுந்த அந்த ஓசை ஒரு முழம் கீழே, முட்டைக்குள் வளர்ந்து சுருண்டு கிடந்த குஞ்சுகளுக்கும் கேட்டது. மேலே கீச் என்றால் அவை அசையவில்லை. ஒரு விடியற்காலையில் மேலே சத்தமே இல்லை. எல்லாமாக மணலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, சத்தம் போடாத ஈர மணலைத் தாண்டி, கடலில் விழுந்தன.

நாம் இன்று அந்தக் கரைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கிறோம். காலடியில் கீச் கீச் என்கிறது. மணல் பாடுகிறது என்று பக்கத்தில் ஒருவர் விளக்குகிறார். கீச், என்கிறது மணல். சிலர் ஒரு குப்பியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள். வீட்டில் குலுக்கிப் பார்த்தால் அது ஊமை; காக்க அங்கே முட்டை இல்லையே.

அன்று முதல்தான் ஆமை இருட்டில் வந்து, யாரிடமும் சொல்லாமல் முட்டையிட்டுவிட்டுப் போகிறது. அன்று முதல்தான் உடும்பு, கேட்க ஆளில்லாமல், நாக்கை நீட்டித் தரையைத் துழாவிக்கொண்டே திரிகிறது. கீச்சாங்கரை மணலோ அன்று முதல் இன்றுவரை யாருக்கும் புரியும்படி எதையும் திருத்திச் சொன்னதில்லை. நாம் மேலே நின்று எதை வேண்டுமானாலும் உளறலாம். அது கேட்டுக்கொண்டுதான் கிடக்கிறது, கீழே குஞ்சுகள் தூங்குகின்றன.