வாயில் ஒரு பறி

"அண்ணி, நீ வாயைத் திறந்தா ஏரியில இருக்கிற இறாலெல்லாம் ஆந்திராப் பக்கம் ஓடிப்போகுது!"

அப்படின்னாளாம் ஒருத்தி. யாருன்னு கேக்காதே, சொல்லத்தானே போறேன்? காலைப் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டு "ம்" கொட்டு. ஒரு ஊர்ல ஒரு பெரிய ஏரி. இந்தக் கரையில நின்னா அந்தக் கரை தெரியாது. அங்க ஒரு அஞ்சலாட்சி, அவளுக்கு ஒரு நாத்தனார், குப்பம்மா. ஒரே வீடு, ஒரே அடுப்பு, விடிஞ்சா சண்டை.

ம்.

அவங்களுக்கு வலை கிடையாது. இடுப்பளவு தண்ணியில குனிஞ்சு, சேத்துல ரெண்டு கையாலயும் தடவித் தடவி இறால் பிடிப்பாங்க. பிடிச்சதைப் போட ஒரு ஓலைக்கூடை, பறின்னு பேரு. கை ரெண்டும் சேத்துல இருக்கே, பறி எங்க? வாயில! பல்லால கவ்விக்கணும். வாயாடி அஞ்சலாட்சிக்கு வாய்ச்ச வேலையைப் பாரு.

அன்னிக்கு மார்கழிக் குளிர், பல்லு கிடுகிடுங்குது. சாயங்காலம் புயல்னு சொல்லிட்டாங்க. புயல் வந்தா ஏரியில கால் வைக்க முடியாது, வீட்டுல பிள்ளைங்களுக்குக் கஞ்சியைத் தவிர ஒண்ணுமில்லை. பறி நிறையாம கரையேற மாட்டேன்னு அஞ்சலாட்சி இறங்கிட்டா, பின்னாலயே குப்பம்மாவும்.

அப்போ ஒரு நண்டு, வெடுக்குனு கால் கட்டைவிரலைக் கடிச்சுது. கத்தினாளா? ஊஹூம். மூக்கால "ங்ங்ங்" அவ்வளவுதான்.

அப்புறம் குப்பம்மா நிமிர்ந்தா, தன் வாயில இருந்த பறியைக் கையில எடுத்துக்கிட்டா. "ஏன் அண்ணி, உங்க அம்மா வீட்டுல இறாலைக் கண்ணால பார்த்ததே இல்லையோ?"

அம்மா வீட்டை இழுத்தா யாரு சும்மா இருப்பா? அஞ்சலாட்சி இருந்தா. பல்லை இன்னும் இறுக்கிக் கடிச்சா. பறியும் நிறைஞ்சுது.

ம்...

அப்புறம் கரைக்குத் திரும்பினவ கிழக்கே பார்த்தா. வானம் கன்னங்கரேல்னு இருக்கு. ஊஊஊன்னு காத்து. சாயங்காலம் வர்றேன்ன புயல் மத்தியானமே வந்துடுச்சு! குப்பம்மாவோ ஆழத்துப் பக்கம், முதுகைக் காட்டிக்கிட்டு, காதைச் சுத்தி முந்தானையோட குனிஞ்சு தடவிக்கிட்டிருக்கா.

பறியைக் கையில மாத்திட்டுக் கூப்பிடலாமேங்கிறியா? அந்த நேரத்துல அவ்வளவு புத்தி யாருக்கு வரும்?

"குப்பூ! ஏறுடி கரை!"

தொபுக்! பறி கவுந்துது, அலை அள்ளிக்கிட்டுப் போச்சு. அவ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. சளக் சளக்னு ஆழத்துக்குள்ள போய், குப்பம்மா கையைப் பிடிச்சு இழுத்தா.

"செவிடி! உனக்கு ஒண்ணு ஆனா உங்க அண்ணனுக்கு நான் என்னடி பதில் சொல்றது?"

குப்பம்மா வாயில பறி. "ம்... ம்..."னுதான் வருது. வழியெல்லாம் திட்டு, வழியெல்லாம் "ம்".

கரை ஏறினதும் பறியை எடுத்துட்டுக் கேட்டா, "அண்ணி, உன் பறி எங்க?"

"போச்சு."

குப்பம்மா பார்த்தா. தன்னோட அரைப்பறியை அவகிட்டக் கொடுத்தா. "பிள்ளைங்களுக்கு நீயே குழம்பு வை அண்ணி. தண்ணி கொஞ்சம் கூட ஊத்திக்கலாம்."

புயல் அடிச்சு ஓயுற வரைக்கும் அந்தக் குழம்புதான். அன்னிக்கு அண்ணி பிடிச்ச கையை மட்டும் வீட்டுவாசல் வரைக்கும் குப்பம்மா விடவேயில்லை.

போனவங்க வீடு சேர்ந்தாச்சு, நீயும் கண்ணை மூடிக்கோ.

எங்க, சத்தத்தையே காணோம்? சரி, கையை விடு. அடுப்புல பால் இருக்கு. கையை விடுடி பாப்பா.